கன்வெர்ட்டரை மாற்றும் முன் காரணத்தைக் கேளுங்கள்

பழைய பெட்ரோல் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0420 என்று வருகிறது. உடனே “கன்வெர்ட்டர் போயிடுச்சு, மாத்தணும்” என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. விலையைக் கேட்பதற்கு முன்னால், அது ஏன் கெட்டது என்று கேளுங்கள். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் அசையும் பாகம் ஏதுமில்லை. பிளாட்டினம், பல்லாடியம், ரோடியம் பூசிய பீங்கான் தேனடைதான் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றின் நச்சைக் குறைப்பது அதன் வேலை. வயதாக ஆக அதன் திறன் மெல்லக் குறையும். ஆனால் சட்டென்று கெட்டால் குற்றவாளி பெரும்பாலும் எஞ்சினுக்குள் இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதாகி மிஸ்ஃபயர் ஆனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து தேனடையையே உருக்கிவிடும். எஞ்சின் ஆயிலைக் குடித்தால், அதிலுள்ள பாஸ்பரஸ் பூச்சின்மேல் படிந்துவிடும். மூலத்தைச் சரிசெய்யாமல் புதிதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

பி0420 என்பது திறன் குறைந்ததாக கம்ப்யூட்டர் கணித்ததைத்தான் சொல்கிறது. பாகத்தை மாற்றச் சொல்லவில்லை. புகைக்குழாயில் கசிவு இருந்தாலும், பின்பக்க ஆக்சிஜன் சென்சார் கெட்டாலும் இதே குறியீடு வரலாம். ஆகவே முதலில் மிஸ்ஃபயர், கசிவு, சென்சார் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடான பிறகு பின்பக்க சென்சாரின் அளவு ஏறக்குறைய நிலையாக இருக்க வேண்டும். பெரும்பாலான பழைய கார்களில் அது முன்பக்க சென்சார் போலவே ஏறி இறங்கினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று பொருள். பிக்கப் குறைந்து வண்டி திணறினால், புகைக்குழாயின் எதிரழுத்தத்தை அளந்து அடைப்பை உறுதிசெய்யலாம்.

“பழைய வண்டிதானே, கழற்றிவிட்டு வெறும் குழாய் போட்டால் மைலேஜ் கூடும்” என்பார்கள். அடைத்துக்கொண்ட கன்வெர்ட்டர் எஞ்சினைத் திணறடிப்பது உண்மை. நல்ல நிலையில் உள்ளது அப்படிச் செய்வதில்லை. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டரைக் கட்டாயமாக்கியதே நகரக் காற்றைக் காப்பதற்காகத்தான். காரின் மூல வடிவத்தை விதிக்குப் புறம்பாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. மாசுத் தரத்தை மீறினால், 2019 திருத்தப்படி 190(2)-ஆம் பிரிவின் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். “புகைச் சோதனையில் தேறிவிட்டதே” என்பதும் முழுப் பதிலாகாது. பெட்ரோல் கார்களுக்கான அந்தச் சோதனை நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை.

நல்ல மெக்கானிக்கை இந்தக் கேள்விகள் புண்படுத்தாது. அவற்றுக்கான பதில்களே அவர் உழைப்புக்குச் சான்று. வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். உங்கள் கார் மாடலுக்கு உரிய பாகமா என்று பாருங்கள். மிக மலிவானவற்றில் உலோகப் பூச்சு குறைவாக இருக்கக்கூடும். பழைய கன்வெர்ட்டர் உங்கள் சொத்து. அதிலுள்ள உலோகத்துக்கு விலை உண்டு என்பதால், திருப்பிக் கேளுங்கள் அல்லது பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீராவிட்டால், இரண்டு ஆண்டுக்குள் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது மதிப்பீடும் பில்லும் ஸ்கேன் அறிக்கையும்தான். அவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.