இல்லக் கணினிக்கு உதவும் இலவசக் கருவிகள்
(பொத்துவிலிலிருந்து ஒரு பழைய மாணவன்)

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை ஒன்று வேண்டியபொழுது கல்லூரி நாள்களைப் பற்றிய நினைவுரையையே எதிர்பார்த்திருப்பர். விடுதிச் சாப்பாட்டையும் விளையாட்டுப் போட்டிகளையும் என்னினும் சுவைபட எழுத வல்லார் பலர் நம்மிடை உளர். ஆதலின் அவற்றை அவர்களுக்கே விடுத்து, என் அயல்வீட்டு நண்பர் ஒருவர்க்கு நேர்ந்ததைத் தொடக்கமாகக் கொண்டு, வீட்டுக் கணினிக்கு விலையின்றிக் கிடைக்கும் சில மென்பொருட் கருவிகளைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

நண்பர் இளைப்பாறிய ஆசிரியர். அவருடைய வாப்பா, தம் முதுமையில், இவ்வூர் வயற்கண்டங்களின் பெயர்களையும், களப்பில் மீன்பிடித்த முறைகளையும், பழைய குடும்பங்களின் வரலாற்றையும் நான்கு கொப்பிகளில் எழுதிவைத்தார். 2003ஆம் ஆண்டில் நண்பர் அக்கொப்பிகளைக் கல்முனைக்குக் கொண்டுசென்று, கணினியில் தட்டச்சுச் செய்வித்து, ஓர் இறுவட்டிற் பதிந்து வாங்கிவந்தார். நூலாக்கும் எண்ணம் இருந்தது, பணம் இருக்கவில்லை. 2004 திசெம்பர் 26ஆந் திகதி கடல் ஊருட் புகுந்தது. கொப்பிகள் போயின. சில ஆண்டுகளில் வாப்பாவும் காலமானார். இறுவட்டு அக்கரைப்பற்றில் உறவினர் வீட்டில் இருந்தமையால் எஞ்சிற்று.

சென்ற ஆண்டு நண்பரின் மகன் எங்கிருந்தோ இறுவட்டு இயக்கி ஒன்றை இரவல் வாங்கி அதனைத் திறந்து பார்த்தான். திரை முழுதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் பொருளின்றிக் கலந்து கிடந்தன. “வாப்பா, இது பழுதாகிவிட்டது, அழித்துவிடட்டுமா?” என்று கேட்டானாம். நல்லவேளையாக, “மாமாவிடம் ஒருமுறை காட்டிவிட்டு அழி” என்று நண்பர் சொல்லியிருக்கிறார். அந்த மாமா யான்.

கோப்பிற் பழுது ஒன்றும் இல்லை. கணினிக்கு எழுத்தென்பது தெரியாது, எண்ணே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த வடிவத்தைத் திரையிற் காட்டுவது என்பதை எழுத்துரு சொல்லும். 1990களிலும் அதன் பின்னரும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பெருவழக்காயிருந்த ‘பாமினி’ எழுத்துரு, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தது. ‘தமிழ்’ என்னும் சொல்லை அம்முறையில் அடித்தவர் உண்மையிற் பதிந்தது ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்னும் ஐந்தையுமே. பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாய்த் தோன்றும். இல்லாத கணினியில் உள்ளபடியே ஆங்கிலமாய் நிற்கும். இதற்கு மாறாக, ‘யுனிகோடு’ என்னும் ஒருங்குறி, தமிழுக்கென 128 இடங்களைத் தனியே ஒதுக்கியது. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 வெளிவந்த காலந்தொட்டு அது மெல்ல மெல்ல வீட்டுக் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது. எனினும் நம் அச்சகங்கள் பாமினியை விட நெடுங்காலம் சென்றது.

ஆகவே, இத்தகைய பழங்கோப்பு ஒன்று கையிற் பட்டால் முதலிற் செய்யத்தக்கது, மூலத்தை அப்படியே ஒரு படியெடுத்து ஒதுக்கி வைத்தலாம். பின்பு பாமினி எழுத்துருவைக் கணினியில் நிறுவி, எழுத்தை முழுதும் தெரிவுசெய்து, அவ்வெழுத்துருவைப் பொருத்திப் பாருங்கள். தமிழ் தோன்றினால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. மருந்து, எழுத்துரு மாற்றி. சென்னை நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் விலையின்றி வெளியிட்ட ‘என்.எச்.எம். கன்வெர்ட்டர்’ இவ்வகையினது, சுரதா யாழ்வாணன் ஆக்கிய ‘பொங்குதமிழ்’ மாற்றி ஈழத்தவரிடையே நன்கு அறியப்பட்டது. ஒருபுறம் பழைய எழுத்தை இட்டு, ‘பாமினி’ எனத் தெரிவுசெய்தால், மறுபுறம் ஒருங்குறித் தமிழ் வந்து விழும். நண்பரின் நான்கு கொப்பிகளும் தமிழாய் மீள ஒரு நிமிடமும் செல்லவில்லை. நண்பர் முதலிற் கண்டது தம் வாப்பா எழுதிய ‘பிஸ்மில்லாஹ்’ என்னும் தொடக்கச் சொல்லை. சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

நிற்க. மாற்றி செய்வது முற்றும் சரியாயிராது என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். பழைய தட்டச்சாளர் பலர் ‘ர்’ என்று அடிக்க வேண்டிய இடத்திற் காலையும் புள்ளியையும் அடித்துவிடுவர். தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுதலால் அது குற்றமாகத் தெரிவதில்லை. ஆனால் மாற்றிய பின்னரும் கணினி அதனைக் காலும் புள்ளியுமாகவே கொள்ளும். ‘அவர்’ என்று தேடினால் ‘இல்லை’ என்னும். இதற்குப் பரிகாரம் எளிது. காலின் மேற் புள்ளி வரும் எழுத்துத் தமிழில் இல்லை. ஆதலின் அச்சேர்க்கையை எங்கு கண்டாலும் ‘ர்’ ஆக்குக என்று ஒரே ஆணையில் மாற்றிவிடலாம். ‘ரி’யும் அத்தகையதே. ஆனால் ஔகாரம் அங்ஙனம் அன்று. ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என வரும். இதனையும் ஒரே ஆணையில் திருத்தப் புகுந்தேன். களப்பு மீன்களைப் பற்றிய பகுதியில் இருந்த கெளிறெல்லாம் பாழாயின. செய்ததை மீட்டு, ஒவ்வோரிடமாகப் பார்த்தே திருத்தினேன். இவ்வேலைக்கு மனிதக் கண்ணே வேண்டும்.

இனித் தமிழில் எழுதுவதற்கு. விண்டோஸ் 10இன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளமைந்தே வருகின்றன. பாமினியில் விரல் பழகிய நம்மவர் புதியதொன்றைப் பயில மனம் ஒப்பார். அன்னோர்க்கு ‘எ-கலப்பை’ உண்டு. பழைய பாமினி முறையிலேயே விரல்கள் செல்ல, அது ஒருங்குறியிற் பதியும். முகுந்தராஜும் ‘தமிழா’ குழுவினரும் அளித்த கொடை அது. எழுதியதை அழகுபடுத்தி அச்சிட ‘லிப்ரே ஆபிஸ்’ போதும். 2010இல் தொடங்கிய இதன் பட்டியல்களைத் தமிழிலேயே காணலாம். பல்லாயிரம் ரூபா விலையுள்ள மென்பொருளின் கள்ளப் பிரதியைக் கடையில் நூறு இருநூறு ரூபாவுக்கு ஏற்றுவித்து, அதனோடு நச்சுநிரலையும் வீட்டிற்குக் கொண்டுவரும் வழக்கம் நம்மிடை இன்னும் ஒழியவில்லை. விலையின்றி நேர்வழியிற் கிடைப்பதை விட்டு இதனைச் செய்வது ஏனோ அறியேன்.

‘விலையின்றி’ என்றேன்; அச்சொல்லை விளக்குதல் தகும். ஆங்கிலத்தில் ஒரே சொல் இலவசத்தையும் விடுதலையையும் குறிப்பதால் அங்குப் பெரிய மயக்கம் நேர்ந்தது. தமிழுக்கு அவ்விடர் இல்லை. காசின்றிக் கிடைப்பது இலவச மென்பொருள். மூலநிரலைப் பார்க்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். பின்னையதற்கு 1983இல் குனூ திட்டத்தை அறிவித்து வழிவகுத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். வேற்றுமை வெறுஞ் சொல்லளவினதன்று. இலவசமாய் மட்டும் தந்தவர் ஒருநாள் நிறுத்தினால் அக்கருவி அத்தோடு முடியலாம். கட்டற்றதை இன்னொருவர் எடுத்து நடத்தலாம். லிப்ரே ஆபிஸ் அங்ஙனம் ஓபன் ஆபிஸிலிருந்து கிளைத்ததே.

தட்டச்சே செய்யப்படாத தாள்கள் வைத்திருப்போர் என் செய்வது? பழைய மலர்களின் அச்சுப் பக்கங்களை ஒளிவருடி எடுத்தால் ‘டெசராக்ட்’ என்னும் எழுத்துணரி அவற்றைப் படித்து எழுத்தாக்கித் தரும். 1985 முதல் எச்.பி. நிறுவனத்தில் உருவாகி, 2005இல் மூலநிரல் வெளியிடப்பட்ட இக்கருவி தமிழையும் படிக்கும். தெளிந்த அச்சில் நன்றாகவும் மங்கிய அச்சிற் பிழைபடவும் படிக்கும். கையெழுத்தை நம்பி ஒப்படைத்தல் ஆகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த நமக்கு, ஒரே படியை ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதன் ஆபத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் இலங்கைத் தமிழ் வெளியீடுகளை மின்வடிவிற் பேணிவருகின்றது. நம் மலர்களின் பழைய இதழ்களை வைத்திருப்போர் அதனை நினைக்க.

நிழற்படங்களைத் தவறுதலாய் அழித்துவிட்டோர்க்கு ‘போட்டோரெக்’ உதவும். படம் அழிந்த அட்டையில் அதன் மேல் எதனையும் பதியாது, மீட்டதை வேறோரிடத்திற் சேமிக்கவேண்டும் என்பது மட்டும் விதி. கோப்புகளைச் சுருக்கிக் கட்ட ‘செவன்-சிப்’, படமும் பாட்டும் இயக்க ‘வி.எல்.சி.’ ஆகியவற்றை மாணவர் அறிவர், விரிக்கவில்லை. எதனையும் ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். விளம்பரப் பக்கங்களிற் பச்சை நிறத்திற் பெரிதாய் மின்னும் பொத்தான் பெரும்பாலும் நீங்கள் தேடியதாயிராது.

நண்பரின் கண்பார்வை இப்போது மிகக் குறைந்துவிட்டது. அவருடைய கணினியில் ‘என்.வி.டி.ஏ.’ என்னும் திரைவாசிப்பானை நிறுவினோம். 2006இல் அவுஸ்திரேலியரான மைக்கல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. திரையிலுள்ள தமிழை வாய்விட்டுப் படிக்கும். பாமினியிற் கிடந்திருந்தால் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகவே ஓதியிருக்கும். ஒருங்குறியானதால் தமிழாய் ஓதுகின்றது. குரல் இயந்திரக் குரல்தான். “வாப்பா இவ்வளவு வேகமாய்ப் பேசமாட்டார்” என்றார் நண்பர். வேகத்தைக் குறைத்துக் கொடுத்தோம்.

மாலைதோறும் பத்துப் பக்கமாய்க் கேட்டு, ஐயமான சொற்களை அவர் சொல்ல, மகன் குறித்துவருகிறான். தட்டச்சாளர் பிழைத்த இரு சொற்கள் எஞ்சின. அவற்றுள் ஒன்று வலையின் பெயரென்று உல்லையிலுள்ள ஒரு முதிய மீனவர் தீர்த்துவைத்தார். மற்றொன்று ஒரு வயற்கண்டத்தின் பெயர். அதனை அறிந்தவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.