பின்கண்ணாடி ஏன் பொடிப்பொடியாகிறது?

பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் மலைப்பாதையில், முன்னால் முக்கி முனகி ஏறும் லாரியின் டயரில் சிக்கியிருந்த ஜல்லிக்கல் தெறித்து வந்து காரின் முன்கண்ணாடியில் படுகிறது. ஒரு கீறல் விழுகிறது. கண்ணாடி அப்படியே நிற்கிறது. கொஞ்சம் கவனமாக ஓட்டினால் ஊர் வந்து சேரலாம். அதே கல் பின்கண்ணாடியில் பட்டிருந்தால் கதை வேறு. டயர் வெடித்தது போலச் சத்தம். மறுகணம் பின்சீட்டு முழுக்கக் கற்கண்டாகக் கொட்டிக் கிடக்கும் கண்ணாடி. சட்டத்தின் ஓரத்தில் பசையோடு ஒட்டிய துணுக்குகளைத் தவிர எதுவும் மிஞ்சாது.

"ஒட்ட முடியாதா? கண்ணாடிக் கடையில அளவெடுத்து வெட்டிப் போட முடியாதா?" வண்டிக்காரர் மெக்கானிக்கிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "முடியாது சார், முழு கிளாஸ்தான் மாத்தணும்" என்று பதில் வரும். காசு பார்ப்பதற்காகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பதிலுக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. புதுக் கண்ணாடியைப் பொருத்தும் வேலையில் வேதியியல் இருக்கிறது. அந்த வேதியியலின் அடிப்படைப் பாடம், தோலும் ஷூவும் தயாரிக்கும் இந்த வட்டாரத்துக்கு ஏற்கெனவே கைவந்த ஒன்று.

வெளியே நெருக்கம், உள்ளே இழுப்பு

முன்கண்ணாடி லேமினேட்டட் வகை. இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்ற பிளாஸ்டிக் படலம், பொதுவாக 0.76 மில்லிமீட்டர் தடிமனில், இருக்கிறது. கண்ணாடி விரிந்தாலும் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸ் 1909இல் காப்புரிமை பெற்ற யோசனையின் வழித்தோன்றல் இது.

பின்கண்ணாடி பெரும்பாலான கார்களில் டெம்பர்டு வகை. ஒரே தகடு, சுமார் 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன். முதலில் சாதாரணக் கண்ணாடியை வேண்டிய வடிவத்துக்கு வெட்டி, ஓரங்களைத் தேய்த்து, வைப்பருக்கோ கீலுக்கோ துளை வேண்டுமென்றால் அதையும் போட்டுவிடுவார்கள். பிறகு உலையில் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இளகிய நிலையில் வளைத்து, இரு புறமும் குளிர்ந்த காற்றை வேகமாகப் பீய்ச்சுவார்கள். மேற்பரப்பு சட்டென்று இறுகிவிடும். உள்பகுதி அப்போதும் சூடாக இருக்கும். அது பிறகு மெதுவாகக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட மேற்பரப்பு விடாது. விளைவு: மேற்பரப்பு நெருக்கப்பட்ட நிலையிலும், நடுப்பகுதி இழுபட்ட நிலையிலும் நிரந்தரமாக நின்றுவிடுகின்றன.

கண்ணாடி உடைவதற்கு மேற்பரப்பில் ஒரு நுண்கீறல் வாய் பிளக்க வேண்டும். டெம்பர்டு கண்ணாடியின் மேற்பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 700 கிலோ அளவுக்கு நெருக்கம் இருப்பதால் கீறல் எளிதில் வாய் திறக்காது. அதனால் இது சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு உறுதி. இந்தக் காப்பு அடுக்கு இரு புறமும் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குதான். அதைத் தாண்டிக் கீறல் உள்ளே போய்விட்டால், இழுபட்டுக் கிடக்கும் நடுப்பகுதி தன் ஆற்றலை ஒரே வீச்சில் விடுவிக்கும். விரிசல் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கிளைத்துக் கிளைத்துப் பரவும். சுமார் 1.2 மீட்டர் அகலக் கண்ணாடியைக் கடக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கண்ணாடிக் கடைக்காரர் இதை அளவுக்கு வெட்ட முடியாமல் போவதும் இதனால்தான். கட்டரின் வைரமுனை காப்பு அடுக்கைத் தாண்டிய கணமே மொத்தமும் பொடியாகிவிடும்.

பொடியாவது குறையல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. சாதாரணக் கண்ணாடி கத்தி மாதிரி நீளத் துண்டுகளாக உடைந்து கழுத்தையும் கையையும் கிழிக்கும். டெம்பர்டு கண்ணாடியை விற்பனைக்கு அனுமதிக்கும் முன் மாதிரிகளை உடைத்துத் துண்டுகளை எண்ணுகிறார்கள். ஐ.நா.வின் 43ஆம் எண் வாகன விதிப்படி, 5 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் குறைந்தது 40 துண்டுகள் இருக்க வேண்டும். முன்கண்ணாடி இப்படி நொறுங்கினால் ஓட்டுநருக்குப் பாதை மறைந்துவிடும் என்பதால்தான் அங்கே லேமினேட்டட் வகையை நமது மோட்டார் வாகன விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன.

ரூபர்ட்டின் துளி

இந்த இயற்பியல் காருக்கு முந்தியது. உருகிய கண்ணாடியைத் துளியாகத் தண்ணீரில் விட்டால், பருத்த தலையும் மெல்லிய வாலும் கொண்ட ஒரு துளி கிடைக்கும். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். வாலை விரலால் ஒடித்தால் மொத்தமும் தூளாகும். இளவரசர் ரூபர்ட் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த இந்தத் துளிகளை லண்டன் ராயல் சொசைட்டி 1661இல் ஆராய்ந்தது. ராபர்ட் ஹூக்கும் 1665இல் வெளியான தன் நூலில் இதைப் பற்றி எழுதினார். முன்னூறு ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பிறகு, பர்டூ பல்கலைக்கழகத்தின் எஸ்.சந்திரசேகரும் கேம்பிரிட்ஜின் எம்.எம்.சவுத்ரியும் அதிவேகக் கேமராவில் அந்த வெடிப்பைப் படம்பிடித்து, 1994இல் வெளியிட்டார்கள். வாலில் தொடங்கும் விரிசல், இழுபட்டுக் கிடக்கும் நடுப்பகுதி வழியாகவே தலையை நோக்கிப் பாய்கிறது என்பது அப்போது கண்முன் தெரிந்தது. காரின் பின்கண்ணாடிக்கு அதன் ஓரம்தான் அந்த வால். நடுவில் குத்துவதைவிட ஓரத்தில் படும் சிறு அடி ஆபத்தானது.

வெள்ளத்தில் கார் சிக்கினால் இந்த அறிவு உயிர் காக்கும். முன்கண்ணாடியைக் காலால் உதைத்து நேரத்தை வீணாக்கக் கூடாது. அவசரச் சுத்தியலின் கூர்முனையால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும்.

வெயில் மேல் பழி

வேலூர் மாவட்டத்தில் அக்னி நட்சத்திரக் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். நிறுத்தி வைத்த வண்டியின் பின்கண்ணாடி உடைந்தால் "வெயில் தாங்காம வெடிச்சிடுச்சு" என்று சொல்லிவிடுகிறோம். சாதாரணக் கண்ணாடி ஒரே தகட்டுக்குள் 40 டிகிரி வெப்ப வேறுபாட்டிலேயே விரிசல் விடக்கூடும்; டெம்பர்டு கண்ணாடியோ சுமார் 200 டிகிரி வேறுபாடு வரை தாங்கும். எனவே வெயில் தனியாக இதைச் செய்வதில்லை. முன்பு எப்போதோ ஓரத்தில் விழுந்த சில்லு, சட்டம் சரியாக உட்காராததால் வரும் திருகல், எல்லா ஜன்னலையும் மூடிக்கொண்டு டிக்கியை ஓங்கிச் சாத்தும்போது எழும் காற்றழுத்தம் ஆகியவற்றில் ஒன்று ஏற்கெனவே வேலையைப் பாதி முடித்திருக்கும். வெப்பம் மீதியை முடிக்கிறது.

அபூர்வமாக இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடி தயாரிப்பின்போது உள்ளே அகப்பட்ட நிக்கல் சல்பைடு துகள். உலைச் சூட்டில் அதன் படிக அமைப்பு ஒரு விதம். அறை வெப்பத்தில் வேறு விதம். சட்டென்று குளிர்விக்கும்போது மாறுவதற்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மெல்ல மாறும்போது 2 முதல் 4 சதவீதம் வரை பருமன் கூடும். இழுபட்ட நடுப்பகுதியில் அந்தத் துகள் இருந்தால் கல்லே படாமல் கண்ணாடி உடையும். உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளில் இது நன்கு அறியப்பட்ட சிக்கல்.

ஷூவும் கண்ணாடியும் ஒட்டும் பாடம்

பழைய அம்பாசடர் காலத்து வண்டிகளில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில்தான் உட்கார்ந்திருக்கும். பீடிங்கின் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியே ஒருவர் அழுத்த உள்ளே ஒருவர் கயிற்றை இழுக்க, ரப்பர் உதடு சட்டத்தின் மேல் ஏறிவிடும். இன்றும் பல லாரிகளிலும் பஸ்களிலும் இதே முறைதான். இப்போதைய கார்களில் பின்கண்ணாடியைப் பெரும்பாலும் பாலியூரித்தேன் பசைதான் தாங்குகிறது.

பாலியூரித்தேன் வேதியியலை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழு கண்டறிந்தது. அதே குடும்பத்துப் பசைதான் ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ தொழிற்சாலைகளில் தோலையும் சோலையும் பிணைக்கிறது. பாலிஷ் ஏறிய தோலின் மேல் அப்படியே பசை தடவினால் சோல் கழன்றுவிடும். முதலில் உராய்த்து மேல்பூச்சை எடுக்க வேண்டும். சோலில் அச்சு எண்ணெய் மிச்சமிருக்கக் கூடாது. பிரைமர் காய வேண்டும். இதில் ஒரு படியைத் தாண்டினாலும் ஷூ திரும்பி வரும் என்பது அங்கே வேலை செய்யும் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கண்ணாடிக்கும் விதி இதுவே. சட்டத்தில் இருக்கும் பழைய பசையை முழுதாகச் சுரண்டாமல் 1, 2 மில்லிமீட்டர் விட்டுச் சீவுவது நல்ல முறை. புதுப் பசை அந்தப் புதிதாக வெட்டிய பரப்பை நன்றாகப் பற்றும். பெயின்ட் கீறி இரும்பு தெரிந்தால் பிரைமர் பூசாமல் ஒட்டக் கூடாது. பசைக்கு அடியில் துரு வளர்ந்து பிடிப்பைத் தின்றுவிடும். சிலிக்கான் கலந்த டேஷ்போர்டு பாலிஷ் பட்ட கை பசைப் பரப்பைத் தொடவே கூடாது. பாலியூரித்தேனுக்குப் பதில் சிலிக்கான் சீலன்ட்டை அடித்துவிடுவது இதைவிட மோசம். அடுத்த முறை நல்ல பசை போட்டாலும் அந்த எச்சத்தின் மேல் ஒட்டாது.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஷூவின் பசையைச் சூடாக்கி, அழுத்தி ஒட்டுவார்கள். கார்ப் பசை இறுகுவது காற்றின் ஈரத்தால். பசையிலுள்ள ஐசோசயனேட் மூலக்கூறுகள் நீராவியோடு வினைபுரிந்து, சிறிதளவு கரியமில வாயுவை வெளியேற்றி, ஒன்றோடொன்று பின்னி ரப்பராகின்றன. ஈரம் வெளியிலிருந்து உள்ளே ஊற வேண்டியிருப்பதால், வழக்கமான பசை ஒரு நாளில் 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழமே இறுகும். ஐப்பசி மழைக்காலத்தில் வேகம் கூடும். காற்று வறண்ட சித்திரை மதியத்தில் குறையும்.

கறுப்பு ஓரம், வெள்ளிக் கோடு

கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் கறுப்புப் பட்டை அலங்காரம் அல்ல; உலையில் சுட்டுப் பதித்த பீங்கான் பூச்சு. வெயிலின் புற ஊதாக் கதிர் பாலியூரித்தேனைச் சிதைக்கும் என்பதால் பசைக்கு அது நிழல். கறுப்பு, உலையில் சீக்கிரம் சூடேறும். ஓரத்தில் சிறுத்துக்கொண்டே போகும் புள்ளிகள் அந்தச் சூட்டு வேறுபாட்டைப் படிப்படியாகக் குறைத்து, கண்ணாடி நெளிந்து தெரிவதைத் தவிர்க்கின்றன.

நடுவே ஓடும் பழுப்புக் கோடுகள் வெள்ளிப் பசையால் அச்சிட்டவை. 12 வோல்ட் மின்சாரம் பாயும்போது சூடாகிப் பனிப்படலத்தைப் போக்கும். பேரணாம்பட்டில் மே மாதத்தில் இது வேண்டாத வசதி. மார்கழி விடியலில் மலையேறி ஆந்திரப் பக்கம் போகிறவர்களுக்கு அவசியம். சில கார்களில் ரேடியோ ஆன்டெனாவும் இதே கோடுகளோடு இருக்கும். ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டினால் கோடு அறுந்து, அந்த வரி மட்டும் வேலை செய்யாது.

மாற்றும் முன், மாற்றிய பின்

உடைந்த கண்ணாடியோடு ஓட்ட நேர்ந்தால் பின்திறப்பைத் தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். ஓடும் காரின் பின்னால் உருவாகும் தாழ்வழுத்தம் புகையை உள்ளே இழுக்கும். அதில் மணமில்லாத கார்பன் மோனாக்சைடும் வரும். துணுக்குகள் சீட்டு மடிப்பிலும் பெல்ட் பூட்டிலும் ஒளிந்துகொள்ளும்; கையால் தடவாமல் வாக்குவம் வைத்து எடுப்பதே சரி.

புதுக் கண்ணாடியின் மூலையில் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். உங்கள் மாடலுக்குரிய வெள்ளிக் கோடும் ஆன்டெனாவும் உண்டா என்று கேளுங்கள். பின்கண்ணாடி குறைந்தது 70 சதவீத ஒளியை விட வேண்டும் என்பதும் விதி. பசைக் குழாயின் காலாவதித் தேதியையும், எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்று அதில் அச்சிட்டிருப்பதையும் வாங்கிப் படியுங்கள். பசைக்குப் பசை இது மாறும். வண்டியை எடுத்த பிறகும் ஓரிரு நாள் ஒரு பக்கக் கண்ணாடியை விரலளவு இறக்கி வையுங்கள். கதவைச் சாத்தும்போது எழும் காற்று, இறுகாத பசையைத் தள்ளாமல் வெளியேறும். அதுவரை டிக்கியை ஓங்கிச் சாத்துவதும், வாட்டர் சர்வீஸ் விடுவதும் வேண்டாம். "சாயங்காலமே வண்டி வேணும்" என்று மெக்கானிக்கை நெருக்கினால் அவரால் கண்ணாடியை வேகமாக வைக்க முடியும். காற்றிலிருந்து ஈரத்தை வேகமாக வரவழைக்க முடியாது.