ஏசிக்கு கேஸ் போடப் போறீங்களா? முதல்ல ஸ்டிக்கரைப் பாருங்க!

கத்திரி வெயில் தொடங்கினாலே கம்மாபுரம், விருத்தாசலம் பக்கம் பழைய ஏசிகள் மக்கர் செய்யும். "கூலிங் இல்லையா? கேஸ் போடணும்" என்பார் மெக்கானிக். எந்த கேஸ்? விஷயமே அங்கதான் இருக்கு.

பழைய ஏசிகளில் இருப்பது ஆர்-22. ஓசோன் படலத்தைப் பாதிப்பதால், மான்ட்ரியல் ஒப்பந்தப்படி இந்தியா அதைப் படிப்படியாகக் குறைத்து வருகிறது. அடுத்து ஆர்-410ஏ வந்தது. இப்போதைய புது மாடல்களில் பெரும்பாலும் ஆர்-32.

அப்போ புது கேஸையே பழைய மெஷின்ல ஏத்திடலாமா? கூடவே கூடாது. புது கேஸ்களின் அழுத்தம் ஆர்-22-ஐ விட சுமார் 60% அதிகம். பழைய காயில், கம்ப்ரஸர் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆயிலும் வேறு. பழைய மெஷினில் இருக்கும் மினரல் ஆயில் புது கேஸுடன் கலக்காது. குழாயிலேயே தங்கிவிடும். ஆயில் திரும்பாத கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிடும். போதாக்குறைக்கு, ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது.

அவுட்டோர் யூனிட்டை மட்டும் மாற்றினாலும் இதே கதைதான். இன்டோர் காயிலும் அதே கேஸுக்கு, அதே டன்னுக்குப் பொருந்த வேண்டும்.

இன்னொன்று, கேஸ் தானாகக் குறையாது. குறைந்தால் எங்கோ லீக். அதை அடைக்காமல் நிரப்பினால் காசு வீண்.

அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் எடையும் இருக்கும். மெக்கானிக் கொண்டுவரும் சிலிண்டரிலும் அதே பெயர்தானா என்று, வால்வைத் திறக்கும் முன்பே பார்த்துடுங்க.