திருமயம் தந்த வக்கீல்

அமெரிக்க தேசத்தின் ஆதிச் சரித்திரத்தைப் படித்தோர் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பர். டென்னஸியில் வக்கீல் தொழில் நடத்திய ஆண்ட்ரூ ஜாக்ஸனும், இல்லினாயில் ஊர் ஊராய்க் கோர்ட்டுகளைச் சுற்றிவந்த ஆப்ரகாம் லிங்கனும் பெருநகரங்களில் பிறந்தவர்களல்லர். ஒதுக்குப்புறங்களிலிருந்து சட்டப் புத்தகத்தைக் கையிலேந்திப் புறப்பட்டவர்கள். அத்தகைய வக்கீல் ஒருவரைக் காண நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. புதுக்கோட்டைச் சீமையிலே, திருமயம் கோட்டையின் நிழலிலே, 1887-ஆம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி பிறந்த எஸ். சத்தியமூர்த்தியையே குறிப்பிடுகிறோம்.

திருமயத்துக் குன்றடியிலுள்ள விஷ்ணு ஆலயத்துப் பெருமாளின் திருநாமமும் அதுவே. பெருமாள் பெயர் விளங்கிய அச்சீமையின் அரசியல் சரித்திரத்தில் ஒரு கறையும் உண்டு. 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பெனியாரிடம் ஒப்புவித்தது தொண்டைமான் சமஸ்தானமே. நட்புக் கடமை என்றும், காலத்தின் நிர்ப்பந்தம் என்றும் அதற்குச் சமாதானம் சொல்வாருண்டு; கயத்தாற்றுத் தூக்குமரத்தை எச்சமாதானமும் மறைக்காது. அந்த மண்ணிலேயே, நூறு வருஷம் நிறைவதற்குள், வெள்ளையர் ஆட்சியைச் சட்டசபையில் நேருக்குநேர் நின்று விசாரித்தவர் தோன்றினார் என்பது நமக்கு ஒருவாறு ஆறுதல் தருகிறது.

தகப்பனார் சுந்தர சாஸ்திரியாரும் வக்கீலே. அவர் அகாலத்தில் மறைந்துவிடக் குடும்பபாரம் இளமையிலேயே சத்தியமூர்த்தியின் தலையில் விழுந்தது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், பின் சட்டக் கல்லூரியிலும் பயின்று, எஸ். சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகினார். பணம் சேர்ப்பதே குறிக்கோளாயிருந்தால் அவர் வேறு பாதையில் சென்றிருப்பார்.

1920-ல் காந்தியடிகள் சட்டசபைகளைப் பகிஷ்கரிக்கச் சொன்னபோது தேசமே அவர் பின் சென்றது. சத்தியமூர்த்தியின் உள்ளம் மட்டும் அதனை ஒப்பவில்லை. எதிரியின் கோட்டைக்குள் புகுந்து அவன் ஆயுதங்களைக் கொண்டே அவனைத் திணறடிக்க வேண்டுமென்பது அவர் கொள்கை. தாஸும் மோதிலால் நேருவும் கண்ட சுயராஜ்யக் கட்சியின் சார்பில் 1923-ல் சென்னைச் சட்டசபை புகுந்தார். "வக்கீல் புத்தி" என்று பரிகசித்தோர் நம் கட்சியிலேயே இருந்தனர். ஜெயிலுக்கு அஞ்சியவர் என்று மட்டும் எவரும் சொல்ல முடியாது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் தேசியக் கொடியேற்ற முயன்று 1930-ல் சிறை சென்றவர் அவர்.

1928-ல் நடந்ததொன்றை இளைஞர் அறிய வேண்டும். பாரதியார் மறைந்து ஏழு வருஷங்களாகியிருந்தன. பர்மா சர்க்கார் அவர் பாடல்களுக்குத் தடை விதிக்க, சென்னை சர்க்காரும் பின்தொடர்ந்து புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. அவ்வருஷம் அக்டோபரில் சட்டசபையில் இதனை எதிர்த்து முழங்கினார் சத்தியமூர்த்தி. பாட்டைப் பறிமுதல் செய்யும் சர்க்காரை அதன் சட்டத்தைக் கொண்டே கூண்டிலேற்றிய அக்காட்சி, சட்டசபைப் பிரவேசம் வீண் என்றோருக்குத் தக்க விடையாயிற்று என்பது நமது அபிப்பிராயம்.

அவர் செய்ததெல்லாம் சரியென்று நாம் வாதிக்க வரவில்லை. அதே புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, அதே மகாராஜா கல்லூரியில் படித்த டாக்டர் முத்துலக்ஷ்மி அம்மையார், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அதே சட்டசபையில் முனைந்தபோது, குறுக்கே நின்றவர் சத்தியமூர்த்தி. நாடகமேடை ஏறிப் பழகியவர், சங்கீத நாட்டியக் கலைகளின்பால் அளவற்ற காதலுடையவர். அந்தக் காதல் இவ்விஷயத்தில் அவர் கண்ணை மறைத்துவிட்டது. அம்மையார் பக்கமே நியாயமிருந்தது. அவர் கோரிய சட்டம் 1947-ல்தான் பூரணமாக நிறைவேறிற்று.

1934-ல் மத்திய சட்டசபைக்குச் சென்று, காங்கிரஸ் கட்சியின் உபதலைவராய்ச் சர்க்கார் தரப்பைக் கேள்விகளால் துளைத்தெடுத்தார். 1936-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது காமராஜைக் காரியதரிசியாக்கிக்கொண்டார். 1937-ல் சென்னைச் சர்வகலாசாலைத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். ராஜாஜி பிரதம மந்திரியானார். அம்மந்திரி சபையில் சத்தியமூர்த்திக்கு இடமில்லை. பதவியேற்க வேண்டுமென்று கட்சிக்குள் வாதாடி ஜயித்தவர் வெளியே நின்றார். அதற்காக அவர் கட்சியை விட்டு விலகவில்லை.

1939-ல் சென்னை மேயரானார். காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமாச் செய்துவிட்டது, யுத்தமோ மூண்டுவிட்டது, பட்டணத்து ஜனங்களுக்குக் குடிநீர் போதவில்லை. பூண்டியில் கொசஸ்தலையாற்றை மறித்து நீர்த்தேக்கம் கட்டும் திட்டத்தை அவர் விடாப்பிடியாகச் சாதித்தார். 1940-ல் கவர்னர் ஆர்தர் ஹோப் அடிக்கல் நாட்டினார். யாரை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடினாரோ அவர் கையாலேயே கல் நாட்டுவிக்க, ஊர் தாகம் முன்னிட்டு அவர் தயங்கவில்லை.

1942-ல் மறுபடி கைதாகி, மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார். முதுகெலும்பு நோயுற்றுச் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1943 மார்ச்சு 28-ல் உயிர்நீத்தார். பூண்டி அணை 1944-ல்தான் முடிந்தது. அதன் பெயர் சத்தியமூர்த்தி சாகரம்.