மணமுறிவு: குற்றம் நிரூபிக்கத் தேவையில்லை

விவாகரத்துக் கேட்டால் குடும்பக் கதையை நீதிமன்றத்தில் விரிக்க வேண்டும், துணை சம்மதிக்காவிட்டால் ஒன்றும் நடக்காது என்ற பயம் பிரித்தானியாவில் வாழும் எம்மவரிடையே இன்னமும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் அந்த நிலை இல்லை. திருமணம் மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்ற கூற்றே போதும். மற்றவர் மறுப்பதால் மட்டும் விண்ணப்பம் நின்றுவிடாது.

திருமணமாகி ஓராண்டு கடந்திருக்க வேண்டும். சட்டத்தரணி இல்லாமலே, தனியாகவோ இருவரும் சேர்ந்தோ அரச இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஊரில் பதிந்த திருமணமானால் பதிவுச் சான்றிதழும், அது ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் உறுதிப்படுத்திய மொழிபெயர்ப்பும் தேவை. வருமானம் குறைந்தோர் கட்டணச் சலுகை கேட்கலாம். வன்முறைக்கு அஞ்சுவோர் தம் முகவரியை மறைத்து வைக்கும்படி கோரலாம்.

விண்ணப்பம் பதிவாகி 20 வாரங்களின் பின் நிபந்தனைக் கட்டளைக்கும், அது கிடைத்து 6 வாரமும் ஒரு நாளும் கழிந்தபின் இறுதிக் கட்டளைக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். இறுதிக் கட்டளை திருமணத்தை மட்டுமே முடிக்கும். வீடு, சேமிப்பு, ஓய்வூதியம் தானாகப் பிரியாது. இருவரும் இணங்கிய பங்கீட்டையும் நீதிமன்றக் கட்டளையாக்குங்கள். வாய்ப்பேச்சை நம்பியிருந்தால், பல ஆண்டுகளின் பின்னும் பணக் கோரிக்கை எழலாம்.