ரெண்டு அடி பின்னாடி வை!

"எட்டாவது படிக்கிற பொண்ணுக்கு ஆட்டம் என்ன வேண்டிக்கிடக்கு?" என்று என் மகளின் கோலாட்டப் பயிற்சியை நிறுத்தச் சொன்னார் மாமியார். 2010-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவில் பத்மா சுப்ரமணியத்துடன் ஆயிரம் பேர் ஆடியதை வியந்து பேசியவர்தான் இவரும்!

நானும் பள்ளியில் பின்னல் கோலாட்டம் ஆடியவள். மேலே வளையத்திலிருந்து எட்டுக் கயிறு தொங்கும். ஒரு கையில் கயிறு, மறு கையில் கோல். நாலு பேர் வலமாக, நாலு பேர் இடமாக, உள்ளே வெளியே என்று மாறி மாறிப் போனால் சடை மாதிரி பின்னல் விழும். பிறகு எதிர்ப்பக்கமாக ஆடி அவிழ்க்க வேண்டும். ஒருத்தி தப்பினாலும் எட்டுப் பேருக்கும் சிக்கல்தான். ஆண்டு விழாவில் தப்பியது நான்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஆடியவள், "அழாதடி, ரெண்டு அடி பின்னாடி வை" என்று காதில் சொன்னாள். ஏழு பேரும் எனக்காகப் பின்வாங்கினார்கள். பின்னல் சரியாகிவிட்டது.

அவள் வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்டாள். 2018 நவம்பரில் கஜா புயல் அவள் வீட்டுக் கூரையையும் தென்னைகளையும் சாய்த்துவிட்டது. சொந்தக்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் ஏழு பேரும் அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தியோடு போய் நின்றோம். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். "அழாதடி, ரெண்டு அடி பின்னாடி வை" என்றேன். அழுகையோடு சிரித்துவிட்டாள்.

இதை மாமியாரிடம் சொன்னேன். "பரீட்சை நேரத்துல மட்டும் வேண்டாம்" என்றார். முழுச் சம்மதம் இல்லைதான். ஆனாலும் சனிக்கிழமை பயிற்சிக்குப் பேத்திக்கு அவரே தலை பின்னிவிட்டார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.