உழவருக்கு உதவும் கரிச்சான் குருவி

ஏர் ஓட்டினாலும் டிராக்டர் ஓட்டினாலும் பின்னாலேயே வந்துவிடும் பறவை கரிச்சான். மேயும் மாட்டின் முதுகில் ஏறிக்கொண்டு, காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளியைப் பாய்ந்து பிடிப்பதையும் காணலாம். கூலி கேட்காத இந்த வேலையாளை விவசாயிகள் நன்கு பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இரட்டைவால் குருவி, கரிக்குருவி, வலியன் என்றும் இதனை அழைப்பர். பாடும் பறவைகள் அடங்கிய பெரும் பிரிவில் 'டைக்ரூரிடே' என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. காகத்துக்குத் தூரத்து உறவு. ஆயினும் காகத்தைக் கண்டால் விடாது, துரத்தித் துரத்திக் கொத்தும். சுமார் ஓர் அடி நீளம், பளபளக்கும் கருமை நிறம், மீன்வால் போல் பிளந்த வால் ஆகியவை அடையாளங்கள். ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். விடியுமுன் முதலில் குரல் கொடுக்கும் பறவைகளில் இதுவும் ஒன்று.

அடர்ந்த காடு இதற்குப் பிடிக்காது. வயல்வெளி, புல்தரை, வரப்போர மரம் ஆகியவையே இதன் இருப்பிடம். ஈரான் முதல் சீனா, ஜாவா வரை பரவியுள்ளது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் ஆபத்து இல்லாத இனமாகவே கணித்துள்ளது. என்றாலும், உட்கார இடமில்லாத வயலில் இது தங்காது.

என்ன பயன்?

வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, வண்டு, ஈசல், புழு ஆகியவையே முக்கிய உணவு. உயரமான இடத்தில் அமர்ந்து, பூச்சியைக் கண்டதும் பாய்ந்து பிடிக்கும். அந்துப்பூச்சிகள் கிளம்பும் அந்தி நேரத்திலும் வேட்டையாடும். தேனீயையும் பிடிக்குமாதலால், தேனீப் பெட்டிக்கு அருகில் தாங்கி நடுவதைத் தவிர்க்க வேண்டும்.

பறவைத் தாங்கி

பருத்தி, துவரை, உளுந்து, நிலக்கடலை முதலிய பயிர்களில் ஏக்கருக்கு 20 தாங்கிகள் நடலாம். மூங்கில் அல்லது சவுக்குக் கழியின் உச்சியில் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டினால் போதும். பயிருக்கு மேல் ஒன்று அல்லது இரண்டு அடி உயர்ந்து நிற்க வேண்டும். இளம்பயிரிலேயே நடுவது நல்லது. இரவில் இதே கழியில் ஆந்தை அமர்ந்து எலி பிடிக்கும்.

நெல், சோளம், கம்பு ஆகியவற்றில் கதிர் பால் பிடிக்கும் சமயம் தாங்கிகளை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் பறவைகள் வந்து அமரும்.

தாங்கி நட்டுவிட்டால் மருந்தே வேண்டாம் என்று எண்ணிவிடக்கூடாது. வாரம் ஒருமுறை வயலைச் சுற்றிப் பார்த்து, சேதம் மிகுந்தால் மட்டும் மருந்து தெளிக்கலாம். தேவையின்றித் தெளித்தால் செலவும் கூடும். நஞ்சுண்ட பூச்சியைத் தின்னும் பறவைக்கும் கேடு.

கூடு கட்டும் காலம்

கோடையை ஒட்டிய மாதங்களில் மரக்கவட்டில் கிண்ணம் போன்ற கூடு கட்டி, 3 அல்லது 4 முட்டைகள் இடும். சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். கூட்டருகே பருந்து வந்தாலும் எதிர்த்து விரட்டும். இதனால் கொண்டைக்குருவி, மாங்குயில் போன்றவையும் அதே மரத்தில் துணிந்து கூடு கட்டுவதுண்டு. ஆகவே, வரப்போர வேம்பு, கருவேல மரங்களைக் கழிக்குமுன் கூடு உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கிளையை விட்டுவைப்பதால் நமக்கு நட்டமில்லை. அந்தக் குஞ்சுகளுக்கு இரையாகும் புழுவும் பூச்சியும் நம் வயலில் குறையும்.